மேடையை விட்டுத் திரைக்கு: விருதுநகர் – செங்கோட்டை வட்டார நாடக நடிகர்கள்

விருதுநகரிலிருந்து சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில், தென்காசி வழியாகச் செங்கோட்டைக்குச் செல்லும் இருப்புப்பாதையின் இரு முனைகளிலும் தமிழ் நாடக வரலாற்றில் இடம்பெற்ற நடிகர்கள் பிறந்தனர். விருதுநகர்ப் பக்கம் பிறந்தவர் வி. கே. ராமசாமி. செங்கோட்டையில் பிறந்தவர்கள் எஸ். ஜி. கிட்டப்பாவும் எஸ். வி. சுப்பையாவும். கிட்டப்பா மேடையிலேயே வாழ்ந்து இளமையில் மறைந்தார். மற்ற இருவரும் மேடையில் தொழில் பழகி, வாழ்நாளின் பெரும்பகுதியைத் திரைப்படத்தில் கழித்தனர். இந்த வேறுபாட்டுக்குக் கலை ஈடுபாடு மட்டும் காரணமன்று. ஓர் இரவின் நட்டத்தை யார் சுமப்பது என்ற கேள்வி அதன் அடியில் இருக்கிறது.

நாடகம் வந்த வழி

விருதுநகர் – தென்காசிப் பாதை 1927இல் திறக்கப்பட்டது. தென்மாவட்ட நாடகம் சுறுசுறுப்பாக இருந்த காலம் அது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) மறைந்து ஐந்தாண்டுகளே ஆகியிருந்தன. அவர் எழுதிப் பயிற்றுவித்த வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் போன்ற நாடகங்கள் ஊர் ஊராக நடந்துகொண்டிருந்தன. திரைச் சீலைகள், உடைப் பெட்டிகள், ஆர்மோனியம், சமையல் பாத்திரம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஒரு குழு ஊருக்கு ஊர் நகர, ரயில்பாதையோரத்துச் சந்தை ஊர்கள் வசதியாக இருந்தன. ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அத்தகைய ஊர்கள். இரண்டுக்கும் இடையே பன்னிரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. ஒன்று பருத்தியாலும் பின்னர் நூற்பாலைகளாலும் வளர்ந்த ஊர். மற்றொன்று ஆண்டாள் கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர்.

அக்காலத்து நாடகத் தொழில் இரண்டு வகையாக நடந்தது. முதலாவது, ‘பாய்ஸ் கம்பெனி’ எனப்பட்ட சிறுவர் நாடகக் குழு. பெற்றோரிடம் சில ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் எழுதி வாங்கி, சிறுவர்களைக் கம்பெனி வீட்டிலேயே தங்கவைத்து, உணவளித்து, பாட்டும் வசனமும் கற்பித்து மேடையேற்றுவார்கள். சம்பளம் சொற்பம், அடி மிகுதி. இரண்டாவது, ‘ஸ்பெஷல் நாடகம்’. இதற்குக் குழு கிடையாது, ஒத்திகை கிடையாது, இயக்குநரும் கிடையாது. ஊர்க்காரர்கள் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், நாரதர் என ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி அமர்த்துவர். வெவ்வேறு ஊர்களிலிருந்து வருபவர்கள் அன்றிரவு மேடையில்தான் சந்தித்துக்கொள்வதும் உண்டு. கதை, பாட்டு, தர்க்கம் எல்லாம் எல்லோருக்கும் முன்பே தெரியும் என்பதே இதன் அடிப்படை. மதுரையில் 1990களில் கள ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைசர், 2005இல் வெளிவந்த தம் நூலில் இந்த முறையையும் இதில் வாழும் கலைஞர்களின் சமூக நிலையையும் விரிவாகப் பதிவு செய்துள்ளார்.

கம்பெனியில் நடிகன் முதலாளியின் ஆள். ஸ்பெஷல் நாடகத்தில் அவன் தனி ஆள். இரண்டிலும் உடம்பும் குரலும் சொன்னபடி கேட்கும் வரைதான் பிழைப்பு.

குரல் உடைந்தால்

சிறுவனின் குரல் உடையும் பருவத்தை நாடகக்காரர்கள் ‘மகரக்கட்டு’ என்றனர். கம்பெனிச் சிறுவனுக்கு அது பெரும் இடி. நேற்றுவரை கைதட்டலுக்கிடையே பாடியவன் இன்று பாட முடியாமல் திரைக்குப் பின்னால் நிற்பான். புதுக்கோட்டை பி. யு. சின்னப்பா மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியின் பெயர்பெற்ற நடிகர். குரல் உடைந்த காலத்தில் கம்பெனியை விட்டு விலகி, ஸ்பெஷல் நாடகங்களில் நடித்தார். குஸ்தி, சிலம்பம் என உடற்பயிற்சியில் காலம் போக்கினார். 1936இல் ‘சந்திரகாந்தா’ படம் வந்த பின்னரே அவருக்கு நிலையான பாதை கிடைத்தது. நான்கே ஆண்டுகளில் ‘உத்தம புத்திரன்’ படத்தில் இரட்டை வேடமேற்றார்.

குரல் உடையாமல் தப்பியவருக்கும் மேடை இரக்கம் காட்டவில்லை. ஒலிபெருக்கி பரவுவதற்கு முன்பு, கொட்டகையின் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி உச்ச சுருதியில் பாட வேண்டும். அதுவும் இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும் வரை. கிட்டப்பா இந்த முறையின் உச்சம். 1906இல் பிறந்து, அண்ணன்மாருடன் சிறு வயதிலேயே மேடையேறியவர். கே. பி. சுந்தராம்பாளுடன் சேர்ந்து அவர் நடித்த நாடகங்களுக்கு இலங்கையிலும் தமிழகத்திலும் கூட்டம் திரண்டது. 1933 டிசம்பரில், 27 வயதில், அவர் காலமானார். முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’ 1931இலேயே வந்துவிட்டபோதிலும் கிட்டப்பா எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. இசைத்தட்டுகளில் அவர் குரல் இருக்கிறது. அவர் நடிப்பை இன்று பார்க்க வழியில்லை.

அவருக்குப் பின் சுந்தராம்பாள் வாழ்ந்த வாழ்க்கை, மேடைக்கும் திரைக்கும் உள்ள வேறுபாட்டை வேறு எந்த விளக்கத்தையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது. கணவர் மறைந்தபோது அவருக்கு வயது 25. வெள்ளைச் சேலை உடுத்தி, இனி ஆண் நடிகருடன் இணையாக நடிப்பதில்லை என முடிவெடுத்தார். ஸ்பெஷல் நாடகத்தின் ஸ்திரீபார்ட்டுக்கு இந்த முடிவு தொழிலையே விடுவதற்குச் சமம். ராஜபார்ட் இல்லாமல் வள்ளி ஏது? திரைப்படமோ அவருக்கு வேறொரு கதவைத் திறந்தது. 1935இல் ‘நந்தனார்’ படத்தில் ஆண் வேடமான நந்தனாராகவே நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். அந்நாளில் நாடெங்கும் பேசப்பட்ட தொகை. 1953இல் ‘ஔவையார்’, 1964இல் ‘பூம்புகார்’ படத்தில் கவுந்தியடிகள், 1965இல் ‘திருவிளையாடல்’ படத்தில் மீண்டும் ஔவையார். மேடையில் ஸ்திரீபார்ட்டுக்கு நாற்பது வயது என்பது முடிவு. திரையில் சுந்தராம்பாளின் புகழ்பெற்ற வேடங்கள் எல்லாம் நாற்பதுக்குப் பிறகு வந்தவை.

இருபத்தொரு வயதுக் கிழவர்

வி. கே. ராமசாமி 1926இல் பிறந்தவர். சிறு வயதில் நாடகத்துக்கு வந்து, யதார்த்தம் பொன்னுசாமி பிள்ளையின் குழுவில் வளர்ந்தார். சிவாஜி கணேசனும் காகா ராதாகிருஷ்ணனும் அதே பட்டறையில் தயாரானவர்கள். கம்பெனி நாடகங்களில் எல்லா வேடங்களும் சிறுவர்களுக்கே. பெண்ணும் சிறுவன், கிழவனும் சிறுவன். ஒட்டு மீசையும் நரைமுடியும் வைத்துக்கொண்டு முதியவராக நடந்து காட்டும் வித்தை ராமசாமிக்கு அங்கே கைவந்தது.

ஏவி.எம். நிறுவனம் காரைக்குடியில் தயாரித்து 1947இல் வெளியிட்ட ‘நாம் இருவர்’, ப. நீலகண்டனின் ‘தியாக உள்ளம்’ நாடகத்தைத் தழுவியது. அதில் ராமசாமி முதியவர் வேடத்தில் அறிமுகமானார். அப்போது அவருக்கு வயது 21. அதற்குப் பின் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக, 2002இல் காலமாகும் வரை, அவர் தகப்பனாகவும் மாமனாகவும் பண்ணையாராகவும் கணக்குப்பிள்ளையாகவும் 500க்கும் மேற்பட்ட படங்களில் தோன்றினார். மேடை அவரைச் சிறுவயதிலேயே கிழவராக்கியது. திரை அந்தக் கிழவருக்கு அரை நூற்றாண்டு வேலை கொடுத்தது. பின்னர் அவர் மற்றொரு நாடக நடிகரான ஏ. பி. நாகராஜனுடன் கூட்டுச் சேர்ந்து படத் தயாரிப்பிலும் இறங்கினார்.

செங்கோட்டை எஸ். வி. சுப்பையாவும் டி. கே. எஸ். சகோதரர்களின் மேடையில் பழகியவர். ‘கப்பலோட்டிய தமிழன்’ (1961) படத்தில் பாரதியாராக நடித்ததை இன்றும் நினைப்பவர்கள் உண்டு. அதை விட்டால் அவரும் பெரும்பாலும் நல்ல மனம் கொண்ட ஏழைத் தகப்பன்தான். ஜெயகாந்தனின் ‘கை விலங்கு’ கதையை ‘காவல் தெய்வம்’ (1969) என்ற படமாகத் தயாரிக்கும் அளவுக்கு அவருக்குக் கதை மீது பிடிப்பு இருந்தது. டி. எஸ். பாலையா இளமையில் வில்லனாக மிரட்டினார். ஐம்பதை ஒட்டிய வயதில் ‘காதலிக்க நேரமில்லை’ (1964) படத்தில் மகனிடம் கதை கேட்டு நடுங்கும் தகப்பனாக நாட்டையே சிரிக்க வைத்தார்.

இந்த மூவருக்கும் பொதுவான ஒன்று உண்டு. மூவரும் பாட்டுக்காக அறியப்பட்டவர்கள் அல்லர். சங்கரதாஸ் சுவாமிகள் மரபில் பாடாத நடிகருக்குப் பபூன் வேடமும் சில்லறை வேடங்களுமே மிஞ்சும். திரைப்படத்தில், அதுவும் 1950களில் பின்னணிப் பாடகர் முறை நிலைத்த பிறகு, வசனமும் முகமும் போதும். வயது ஏறுவது குறையாக இல்லாமல் தகுதியாக மாறியது அப்போதுதான்.

ஒரே இரவில் இரண்டு ஊர்

மேடை நடிகர் ஓர் இரவில் ஓர் ஊரில்தான் இருக்க முடியும். ராஜபாளையத்தில் நாடகம் என்றால் அன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் இல்லை. படச்சுருளுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஒரே நாளில் இரண்டு ஊர்க் கொட்டகைகளிலும், அதே நேரத்தில் யாழ்ப்பாணத்திலும் பினாங்கிலும் ராமசாமி இருமிக்கொண்டே கணக்குக் கேட்க முடிந்தது. நடிகருக்கு வேலை சில நாள். அதைக் காசாக்கும் வேலை மற்றவர்களுடையது.

மழை பெய்தால் நாடகம் நின்றுவிடும். தொண்டை கட்டினால், ஊரில் சாவு விழுந்தால், திருவிழாக் கமிட்டிக்குள் சண்டை வந்தால் நாடகம் இல்லை. அன்றைய கூலியும் இல்லை. படப்பிடிப்பிலும் மழை பெய்யும், நட்சத்திரம் வராமல் போவார். ஆனால் அந்த நட்டம் தயாரிப்பாளரைச் சேரும். படம் ஓடாவிட்டாலும், பேசிய பணம் வந்துவிட்டால் துணை நடிகருக்குப் பாதிப்பில்லை. (பேசிய பணம் வராத கதைகளும் தமிழ்த் திரையுலகில் ஏராளம் என்பது வேறு செய்தி.) வயதான நடிகர்களில் பலர் திரையை விரும்பியதற்கு வசனம் தவறினால் மறுபடி எடுக்கலாம், இரவு கண்விழிக்க வேண்டாம் என்பன போன்ற காரணங்களைச் சொல்வதுண்டு. அவையும் உண்மைதான். எனினும் நட்டம் இடம் மாறியதே எல்லாவற்றிலும் பெரிய நிம்மதி.

பார்வையாளரின் நாளும் மாறிக்கொண்டிருந்தது. பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். தமிழ்ப் பேசும்படம் காலூன்றியதும் அதே ஆண்டுகளில்தான். அறுவடை முடிந்த விவசாயி விடிய விடிய நாடகம் பார்த்துவிட்டுப் பகலில் தூங்கலாம். காலை ஆலைச் சங்குக்குப் போக வேண்டியவருக்கு மூன்று மணி நேரப் படமே பொருந்தும். தமிழகத்தின் பல ஊர்களில் நாடகக் கொட்டகைகளே சினிமாக் கொட்டகைகளாக மாறின. கம்பெனிகளுக்கு வாடகைக்குக் கொட்டகை கிடைப்பதே அரிதாயிற்று.

மேடையை விடாதவர்கள்

எல்லோரும் திரையை நாடவில்லை என்பதும் வரலாறுதான். எம். ஆர். ராதா 1930களில் படங்களில் நடித்துவிட்டு மேடைக்கே திரும்பினார். திருவாரூர் கே. தங்கராசு எழுதிய ‘ரத்தக்கண்ணீர்’ மேடையில் பெரும் வெற்றி பெற்ற பின், 1954இல் அதே நாடகம் படமானபோதுதான் திரையில் அவருக்கு இரண்டாம் வாழ்வு தொடங்கியது. எஸ். வி. சகஸ்ரநாமம் 1952இல் சேவா ஸ்டேஜ் குழுவைத் தொடங்கி, திரையில் நடித்துக்கொண்டே நாடகங்களை நடத்தினார். ஆர். எஸ். மனோகர் தம் நேஷனல் தியேட்டர்ஸ் வழியாக ‘இலங்கேஸ்வரன்’ போன்ற பிரம்மாண்ட நாடகங்களை நடத்துவதில் படங்களைவிட மிகுந்த ஆர்வம் காட்டினார். சிவாஜி கணேசன் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ நாடகத்தை 1957 முதல் மேடையேற்றினார்; 1959இல் அது படமாக வந்தது. நாடக வசூலைப் பல அறப்பணிகளுக்கு அளித்தார்.

இவர்கள் நால்வரும் தங்கள் குழுவுக்குத் தாங்களே உரிமையாளர்கள். எந்த நாடகம், எந்த ஊர், எந்த நாள் என்பதை அவர்களே முடிவு செய்தனர். மேடை அவர்களுக்குச் சொந்த வீடு. கூலிக்கு நடித்தவருக்கோ அது வாடகை வீடு. ‘நாடகம் எனக்குத் தாய்வீடு’ என்பது திரையுலகில் மூத்த நடிகர்கள் வழக்கமாகச் சொல்லும் சொல். நல்ல நாள், பெரிய நாளுக்குத்தான் தாய்வீட்டுக்குப் போவார்கள் என்பதையும் சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இதற்கு நேர்மாறான ஒரு மரபு உண்டு. ஸ்ரீரங்கம், ஆழ்வார்திருநகரி ஆகிய தலங்களைப் போல இங்கும் அரையர் சேவை நடக்கிறது. கூம்பு வடிவக் குல்லாய் அணிந்து, கையில் தாளத்துடன், அரையர் பாசுரங்களைப் பாடி அபிநயித்து உரை சொல்வார். மார்கழியின் பகல்பத்து, இராப்பத்து நாட்களில் இதைக் காணலாம். இசை, நடிப்பு, வசனம் மூன்றும் கலந்ததே இதுவும். ஆனால் அரையரை யாரும் நோட்டீஸ் அடித்து அமர்த்துவதில்லை. கூட்டம் குறைந்தால் அடுத்த ஆண்டு வேறொருவரை அழைப்பதுமில்லை. அது குடும்ப உரிமை, கோயில் கடமை. ஆகையால் சினிமா வந்ததால் இந்த மரபு ஆட்களை இழக்கவில்லை. அதே கோயில் ஊருக்கு வெளியே, மாரியம்மன் திருவிழாப் பந்தலில் வள்ளி வேடம் கட்டியவருக்கு அந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை.

சினிமா எடுத்துக்கொண்டவர்களும் விட்டுவிட்டவர்களும்

ஸ்பெஷல் நாடகம் அழிந்துவிடவில்லை. மாசி, பங்குனி தொடங்கி ஆடி வரை கோயில் திருவிழாக்களையொட்டித் தென்மாவட்டக் கிராமங்களில் வள்ளி திருமணம் இன்றும் நடக்கிறது. 1920களில் மதுரையில் உருவான நாடக நடிகர் சங்கம் இன்றும் சங்கரதாஸ் சுவாமிகளுக்குக் குருபூசை நடத்துகிறது. ஆனால் இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள், விடிய விடிய நடக்கும் கலையின் அடிமடியிலேயே கைவைத்தன. அனுமதிக்காகக் காவல் நிலையம் செல்வது கமிட்டிக்காரரின் வேலைகளில் ஒன்றாகிவிட்டது.

2000க்குப் பின் மதுரை, தேனி, விருதுநகர் வட்டாரங்களில் படமெடுக்க வந்தவர்கள் உள்ளூர் முகங்களைத் தேடினர். பரவை முனியம்மா ‘தூள்’ (2003) படத்தில் பாடி நடித்தபோது அறுபதைக் கடந்திருந்தார். அவருக்கு முன்பே கொல்லங்குடி கருப்பாயி ‘ஆண் பாவம்’ (1985) படத்தில் நடித்துப் புகழ் பெற்றிருந்தார். இருவரும் நாடகத்துறையினர் அல்லர், நாட்டுப்புறப் பாடகர்கள். ஆயினும் மூத்த மேடைக் கலைஞருக்குத் திரை என்ன தரும், எவ்வளவு தரும் என்பதற்கு அவர்கள் சான்று. ஒரு படத்தால் தமிழ்நாடு முழுவதும் முகம் தெரிந்தது. முதுமையில் இருவருமே உதவி கேட்க வேண்டிய நிலை வந்தது. வி. கே. ராமசாமிக்குக் கிடைத்த ஐம்பது ஆண்டு வேலை ஆயிரத்தில் ஒருவருக்குக் கிடைப்பது. மற்றவர்களுக்குத் திரை என்பது ஒரு காட்சி, ஒரு நாள் பேட்டா, பிறகு மீண்டும் திருவிழாத் தேதிகளைக் குறித்துவைக்கும் நாட்குறிப்பு.

விருதுநகரில் பிறந்த இயக்குநர் வசந்தபாலன், பாய்ஸ் கம்பெனி உலகை ‘காவியத் தலைவன்’ (2014) படமாக எடுத்தார். சங்கரதாஸ் சுவாமிகளை நினைவூட்டும் ஆசிரியர் வேடத்தில் நாசர் நடித்தார். மறு ஆண்டே அவர் தென்னிந்திய நடிகர் சங்கத் தலைவரானார். அந்தச் சங்கத்தின் உறுப்பினர்களில் பெரும் எண்ணிக்கையினர் மாவட்டங்களில் வாழும் நாடக நடிகர்கள். அவர்களில் பலர் படத்தில் நடித்ததே இல்லை. முதியவர்களுக்குச் சங்க ஓய்வூதியமே ஆதாரம். தேர்தல் வந்தால் நட்சத்திரங்கள் மதுரைக்கும் புதுக்கோட்டைக்கும் வந்து அவர்களிடம் வாக்குக் கேட்பார்கள்.

2019 ஜூன் 23 அன்று நடந்த தேர்தலில் நாசரின் பாண்டவர் அணியை எதிர்த்து நின்ற கே. பாக்யராஜின் அணிக்குச் சுவாமி சங்கரதாஸ் அணி என்று பெயர். வெளியூர் உறுப்பினர்களுக்குத் தபால் வாக்கு. ரஜினிகாந்துக்கே வாக்குச் சீட்டு முந்தைய நாள் மாலைதான் கைக்கு வந்ததால் அவர் வாக்களிக்க முடியவில்லை. வழக்கின் காரணமாக வாக்குகள் எண்ணப்படாமல் பெட்டிகள் பூட்டிவைக்கப்பட்டன. இதற்கிடையே கொரோனா பரவி, 2020இன் பங்குனிப் பருவம் திருவிழாவின்றிப் போயிற்று. நாட்குறிப்பில் எழுதியிருந்த தேதிகளை நாடக நடிகர்கள் அடித்துவிட்டனர். பெட்டிகள் திறக்கப்பட்டது 2022 மார்ச்சில்; அதுவும் ஒரு பங்குனி.